தென்னை மரத்துக் காகம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறது. விதைக்கடைக் காலண்டரில் வந்த படம். கீழே இருந்த தேதித் தாள்களைக் கிழித்துவிட்டு, பின்னால் அட்டை ஒட்டி, பிற்பாடு கண்ணாடிச் சட்டம் போட்டது. பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் கிணற்றடியில் தண்ணீர் சேந்துகிறாள். பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி, பின்னால் ஓட்டு வீடு, அதற்கும் பின்னால் நீல நிறத்தில் மலை. வலது ஓரத்தில் ஒரு தென்னை மரம். தென்னை மரத்தின் உச்சியில் ஒரு காகம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் காகம்தான், ஏனென்றால் அது அந்தப் பெண்ணின் தலையைவிடப் பெரியது. அதற்கு ஒரு கால்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய காக்காயா என்று கேட்காதவர்கள் கிடையாது. நானும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஏதாவது ஒரு பதில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காகத்தால் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எல்லாம் என் மாமனாரால் வந்தது.

மாரண்டஹள்ளியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருந்தது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். வெள்ளாமை செய்யும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு தெருவில் இருந்தோம். கோயில் உண்டு, சாமியார் கிடையாது. பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, செத்தவர் வீட்டில் மன்றாட்டுச் சொல்வது, வரப்புச் சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் உபதேசியாரின் வேலை. என் மாமனார்தான் அந்த உபதேசியார். நான் மருமகளாக வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர் உபதேசியார். ஊரில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஞானோபதேசம் என்பது கேள்வியும் பதிலுமாக இருக்கும். அவர் கேள்வியைக் கேட்பார். பிள்ளைகள் கூட்டமாக, ராகம் போட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொல்லவேண்டும். பிசகினால் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து. வருஷக்கணக்கில் இதைச் செய்து செய்து அவருக்கு உலகமே கேள்வி பதிலாகத்தான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, களி வெந்ததா என்பார். 'களி வெந்தது' என்று முழு வாக்கியமாகப் பதில் வந்தால்தான் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். 'ஆமா தாத்தா' என்று சொன்ன பிள்ளைக்கு அன்றைக்குக் குட்டு விழும். நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரே கூரைக்குக் கீழே அவரோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும், நல்ல மனுஷர்கள் எவ்வளவு பாடுபடுத்துவார்கள் என்பது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வந்தவள். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் கரும்பலகையில் ஒரு படத்தைக் குத்திவைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் அதைப் பார்க்கவேண்டும். பார்த்ததைச் சொல்லவேண்டும். எது சொன்னாலும் தப்பு கிடையாது; பார்க்காமல் சொன்னால்தான் தப்பு. முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் அதே படத்தைப் பற்றி மணி அடித்த பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். என் ஆயுசில் யாராவது என்னிடம், நீ என்ன பார்க்கிறாய் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் இப்படிக் கேட்டு வளர்க்கவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பிள்ளை பிறக்கிற வீட்டில் உபதேசியார் இருப்பார் என்பதை யார் கண்டார்கள்.

என் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது பாடத்தை ஆரம்பித்தேன். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் என் மகளையும், வீட்டுக்காரரின் அண்ணனான என் மூத்தாரின் மூன்று பிள்ளைகளையும் முன்னறையில் உட்காரவைத்து, இந்தக் காலண்டர் படத்தைச் சுவரில் மாட்டினேன். வீட்டில் இருந்த மற்ற படங்கள் எல்லாம் திருஇருதயமும் மாதாவும் அந்தோனியாரும். இந்தப் படத்தைத் தேடி எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீர் சேந்துகிற அந்தப் பெண் வாளியைப் பார்க்கவில்லை, கன்றையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே, இடது பக்கம், யாரையோ பார்க்கிறாள். யாரைப் பார்க்கிறாள் என்று பிள்ளைகளாகவே என்றைக்காவது கேட்பார்கள் என்று எனக்கு ஆசை.

நான் படத்தை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாலு பிள்ளைகளும் முழங்காலில் நிற்கிறார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பிக்கொண்டு. எங்கள் வீட்டில் படம் என்றால் அதன் முன்னால் அதுதான் செய்வது வழக்கம். பாவம், அவர்களுக்கு வேறென்ன தெரியும். கண்ணைத் திறக்கவைப்பதற்கே பாதி மத்தியானம் போய்விட்டது. திறந்த பிறகு, என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்றேன். கடைசியில் மூத்தாரின் பெரிய பையன், ஒன்பது வயதுக்காரன், வகுப்பில் கேட்பதுபோல் கையைத் தூக்கி, "என்ன பதிலுன்னு முதல்ல நீங்க சொல்லிக்குடுங்க சித்தி. நாங்க மனப்பாடம் பண்ணிக்கறோம்" என்றான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே படம். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே படம். மூன்றாவது வாரம் நான் கேட்பதற்கு முன்னாலேயே நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவன் கணீரென்று கேட்டான்: "இந்தப் படத்தில் காணப்படுகிறவர் யார்?" மற்ற மூவரும் ராகமாகச் சொன்னார்கள்: "இந்தப் படத்தில் காணப்படுகிறவர் தண்ணீர் மொள்ள வந்த தேவமாதா." எனக்கு முதலில் காது கேட்டதை நம்பமுடியவில்லை. வெளியே பார்த்தால் என் மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, தாளம் போட்டுக்கொண்டு தலையாட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்துசேர்வதற்குள் அவர் பாடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். பிள்ளைகளை விட்டுப் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்லிக் கேட்டு, பன்னிரண்டு கேள்வி பதில் உண்டாக்கியிருந்தார். கிணறு என்பது தேவ வரப்பிரசாதம். கன்று என்பது சாந்த குணம். கயிறு என்பது ஜெபம். அந்தப் பெண் ஏன் வெளியே பார்க்கிறாள் என்பதற்கும் பதில் இருந்தது. இயேசு பிறக்கப்போகிறார் என்று மங்கள வார்த்தை சொல்லவரும் சம்மனசை, அந்தத் தேவதூதரைப் பார்க்கிறாளாம். அந்தச் சம்மனசு எங்கே, படத்தில் காணோமே என்று நான் கேட்டேன். கட்டிலில் இருந்தபடியே சொன்னார்:

"சம்மனசு இன்னும் வரலம்மா. வந்துகிட்டிருக்கறாரு."

இன்றைக்கு யோசித்தால் அது ஒன்றும் மோசமான பதில் இல்லை. அன்றைக்கு எனக்குத் தலை கொதித்தது. பச்சைப் புடவையும் கண்ணாடி வளையலும் போட்ட ஒரு விதைக்கடைக் காலண்டர்ப் பெண்ணைத் தேவமாதாவாக்கிவிட்டார். விஷயம் தெருவுக்கும் போய்விட்டது. ஜெபத்துக்கு வந்த பெண்கள் படத்தின் முன்னால் நின்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி கனகாம்பரம் கொண்டுவந்து செருகினாள். பிள்ளைகளுக்கு அவர்களாகப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன், நீங்கள் பதிலைப் புகட்டினால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று என்னால் ஆனமட்டும் மரியாதையாக எடுத்துச்சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பதில் இல்லாத கேள்விய எதுக்கும்மா புள்ளைங்ககிட்ட கேக்கற? பயந்துக்கும்" என்றார். என் வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டேன். அவர் தக்காளிக் கூடைக்குச் சாக்குப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். படந்தானே, விட்டுத்தொலை என்று சொல்லிவிட்டு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

காகம் வந்தது அதற்கு அடுத்த மாதம். பதின்மூன்றாவது கேள்வியாக வந்தது. "தென்னை மரத்தின் உச்சியில் இருப்பது யாது?" "தென்னை மரத்தின் உச்சியில் இருப்பது காகம்." "காகம் எதைக் காட்டுகிறது?" "சமயம் பார்த்துக் காத்திருக்கும் பசாசைக் காட்டுகிறது." நான் படத்தைப் பார்த்தேன். தென்னை மரத்தில் மட்டை இருந்தது, குலை இருந்தது. காகம் இல்லை. மரத்தில் மட்டுமில்லை, படத்தில் எங்கேயுமே காகம் இல்லை. பெரியவனைப் பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். தாத்தா விவரம் கேட்டபோது இந்தக் குறும்புக்காரன்தான் ஒரு காகத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறான், அவரும் அதை வைத்துக் கேள்வி கட்டிவிட்டார் என்பது எனக்கு உடனே விளங்கியது. ஒரு தடவை எழுந்துவந்து படத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே, அதைக்கூடச் செய்யாத மனுஷர் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம். அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

என் மகளை மட்டும் தனியாகப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். மாமனார் கட்டிலில்தான் இருந்தார். காகம் எங்கே, எனக்குக் காட்டு என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள். கட்டில் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, காக்கா இருக்குது என்றாள். எங்கே இருக்கிறது என்றேன். மரத்துல இருக்குது, தாத்தா சொல்றாரில்ல என்றாள். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எதிரே இருக்கிற படத்தில் இல்லாததை இருக்கிறது என்று சாதிக்கிற பிள்ளை நாளைக்கு எதைத்தான் நம்பாது என்று எனக்குப் பயமாகிவிட்டது. உண்மையாகவே பயம். எதற்காக இந்தப் பாடத்தை ஆரம்பித்தேனோ அதற்கு நேர் எதிராக என் மகள் ஆகிக்கொண்டிருந்தாள். ஒரு அறை வைத்தேன். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே போய்த் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தி ஜெபத்துக்கு மணி அடிக்கும் நேரம். தினமும் அவள்தான் அவரைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போவாள். பேத்திமேல் அவ்வளவு பாசம் என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தச் சமயத்தில் மாமனாருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி, ஜெபங்களெல்லாம் புதிதாக அச்சடித்து வந்துகொண்டிருந்தன. பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் இந்தப் புது ஜெபங்களைத்தான் சொல்லவேண்டும் என்றார். மாமனாரோ ஜெபப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பூசைக்குள் பழகிக்கொள்ளாவிட்டால் நன்றாக வாசிக்கத் தெரிந்த இளவட்டம் யாரையாவது உபதேசியாராக வைத்துவிடுவேன் என்று சாமியார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் பெரியவன் புதுப் புத்தகத்தைச் சத்தம்போட்டு வாசிப்பான், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பையனுக்கு வாசிப்புப் பழக்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பதவியைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலையெல்லாம் காகம். சாமியார் அடுத்தமுறை பூசை முடிந்து நம் வீட்டில்தான் சாப்பிட வருவார், அவர் முன்னாலேயே மாமாவைக் கேட்கிறேன், காகத்தைக் காட்டச் சொல்கிறேன், அப்போதாவது தப்பை ஒத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள்.

பூசை ஞாயிறு வந்தது. நான் விடிந்ததிலிருந்து அடுப்படியில் இருந்தேன். சாமியார் வந்து முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தார். இட்லி வைத்தேன். அன்றைக்குக் கோயிலில் மாமனார் புது ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறிவிட்டார் போலிருக்கிறது. அதை ஈடுகட்டுவதற்கோ என்னவோ, சாமியாரிடம் தாமாகவே ஆரம்பித்தார். "எங்க டீச்சரம்மா புள்ளைங்களுக்குப் படம் காட்டிப் பாடம் சொல்லுதுங்க சாமி. நான் அதுக்குக் கேள்வி பதில் கட்டியிருக்கறேன். கேளுங்க" என்றார். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒப்பித்தார்கள். கிணறு, கயிறு, கன்று எல்லாம் வந்தன. சாமியார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். காகம் வந்ததும் நான் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "மாமா, அந்தக் காக்கா எங்க இருக்குதுன்னு சாமிக்கு ஒருதடவ தொட்டுக் காட்டுங்க" என்றேன். என் குரலில் இருந்த வெற்றியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் உடனே எழுந்துவிட்டார். சுவர்ப்பக்கம் வந்தார். வலது கையை நீட்டினார். விரல் படத்தை விட்டு ஒரு முழம் தள்ளி, வெறும் சுண்ணாம்புச் சுவரில் போய் நின்றது. அங்கிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தது. ஆணி மேல் பட்டது. நின்றது. அவர் முகத்தில் வழக்கமான அந்தப் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் எதையும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக இப்படி, எப்படி எனக்குத் தெரியாமல் போனது என்று நினைப்பதற்குள் என் மகள் ஓடிவந்து, கீழே அடுக்கியிருந்த ராகி மூட்டைமேல் ஏறி நின்று, அவர் விரலைப் பிடித்துத் தென்னை மரத்தின் உச்சியில் வைத்தாள். "இதா தாத்தா, இங்க" என்றாள்.

அங்கே ஒரு காகம் இருந்தது.

கருகருவென்று, பெரிதாக, இரண்டு குச்சிக் காலில் நின்றுகொண்டிருந்தது. அன்று காலையிலிருந்து நான் அந்தச் சுவர்ப்பக்கம் பத்துத் தடவையாவது நடந்திருப்பேன். ஒரு தடவையும் படத்தைப் பார்க்கவில்லை. சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, காகம் நல்லாப் பெருசாவே இருக்கு" என்று சிரித்தார். மாமனாரும் சிரித்தார். நான் உள்ளே போய் இன்னொரு ஈடு இட்லி எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாமியார் போனபிறகு அடுப்படியில் பார்த்தேன். கொட்டாங்கச்சியில் நான் கூட்டி வைத்திருந்த கண்மையில் பாதியைக் காணவில்லை. ஈர்க்குச்சி ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. என் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடி விழும் என்று நினைத்து அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். "தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதும்மா. நீ எல்லாரு முன்னாலயும் கேட்டா அவரு எதக் காட்டுவாரு?" காகம் இல்லை என்பது உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதான் இல்லியே. எனக்குத் தெரியாதா? தாத்தா கேட்டுக்கிட்டு இருந்தாரில்ல" என்றாள். படத்தையும் பார்த்து, படத்தைப் பார்க்கமுடியாதவரையும் பார்த்துவைத்திருந்த பிள்ளையைத்தான் நான் அறைந்திருந்தேன். சேலைத் தலைப்பால் அவள் விரல் மையைத் துடைத்துவிட்டேன்.

ஒன்று தெரிந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியவருகிறது. ஜெபப் புத்தகத்தில் இரண்டு மூன்று தாள் சேர்ந்து புரண்டாலும் அவர் ஜெபம் நிற்காமல் போனது. கோயிலுக்குப் பேத்தியின் கை தேவைப்பட்டது. பெரியவன் தினமும் வாசித்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுச் சொல்லச்சொன்னது. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை. பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். அவர் அதை ஏன் மறைத்தார் என்று கேட்கவேண்டியதில்லை. கண் தெரியாது என்றால் மறுநாளே வேறு உபதேசியார். உபதேசியார் இல்லை என்றால் அந்த ஊரில் அவர் யாருமே இல்லை. தெரியும் என்று நான் அவரிடம் காட்டிக்கொள்ளவும் முடியாது. அதனால் சாயங்காலம் சமைக்கும்போது புது ஜெபங்களை நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, நாலு தடவை. எனக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். அவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். நன்றி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, என் உச்சரிப்பைத் திருத்தினார். 'ழ' சரியில்லை, மறுபடி சொல் என்பார். அரிசி உலை பொங்கி வழியும், நான் மறுபடி சொல்வேன். இரண்டே மாதத்தில் புதுசு அத்தனையும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. சாமியார் வேறு ஆள் தேடுவதை விட்டுவிட்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்துத் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழவி போய்வந்து, அடுப்பில் கிடக்கும் கரிக்குச்சியை எண்ணிச் சொன்னாள். அதற்கு மறுவாரம் மாமனார் தாமாகவே, "கண்ணுல தூசி வுளுந்த மாதிரி இருக்குதும்மா. பாத்துட்டு வந்துரலாமா?" என்றார். சாவகாசமாக வந்த தூசி. நானும் வீட்டுக்காரரும் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கக்கூடாது என்று வரிசையாகப் படுக்கவைத்தார்கள். அங்கேயும் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்று சொன்னேன். சொன்னால் என்ன, குறைஞ்சா போயிருவாங்க என்றார்.

தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பினார். அவர் நேராக முன்னறைக்குத்தான் போனார். படத்தின் முன்னால் நின்றார். கிட்டே போனார், தள்ளி நின்றார், மறுபடி கிட்டே போனார். என் மகள் அப்போது பாவாடை தாவணி போட்ட பெண். கதவோரம் நின்றவள் என்னைப் பார்த்தாள். அந்தக் காகத்தைக் கண்ணுள்ள எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், அது அச்சில் வந்ததில்லை, மையால் ஒரு சின்னப்பிள்ளை வரைந்தது என்று. அவர் வெகுநேரம் பார்த்தார். அவர் அப்படி எதையும் பார்த்து நான் கண்டதில்லை. "இவ மாதா இல்ல போலிருக்குதே. நம்ம ஊட்டுப் பொம்பள மாதிரியில்ல இருக்கறா" என்றார். அவர் வாயிலிருந்து, பிள்ளைகள் சொல்லாமல், தாமாகப் பார்த்து வந்த முதல் வார்த்தை அது. நான் இத்தனை வருஷம் ஏங்கியதும் அதற்குத்தான். பிறகு விரலை நீட்டினார். இந்தத் தடவை விரல் தவறவில்லை.

"காக்கா இருக்குது பாரு. நீதான் இல்லன்ன. நான் அன்னிக்கே சொன்னனில்ல."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பெரிது பெரிதாகத் தெரிந்தனவே தவிர, ஒன்றும் பிடிபடவில்லை. "ஆமாங்க மாமா, நாந்தான் சரியாப் பாக்கல" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மட்டும் வீட்டுக்கு வந்த எட்டுப் பேரிடம் அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காகத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதில் மை கலைய ஆரம்பித்தது. அடுத்த வாரமே படத்தைத் தருமபுரிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தது நான்தான். காகத்தின் இன்னொரு கால் அதற்குள் போய்விட்டிருந்தது.

அவர் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. என் மகள் மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அந்தக் காகத்துக்குப் பிறகு அவள் வேறெதையும் வரைந்ததில்லை. போன மாதம் எனக்கும் கண்புரை எடுத்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் தெளிவாகத் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்க நானும் முன்னறைக்குத்தான் போனேன். என் கொள்ளுப்பேத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறு வயது. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, இந்தப் படத்தில் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இந்தக் காக்காவ யாரோ வரைஞ்சிருக்காங்க பாட்டி. இது படத்துல இல்ல."

ஆயுசு முழுவதும் நான் கேட்க விரும்பிய பதில். சபாஷ் என்று சொல்லியிருக்கவேண்டும். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா. "இல்ல கண்ணு, அது மொதல்லயிருந்தே இருக்குது" என்றேன். உபதேசியார் சொன்னமாதிரியே, அதே தோரணையில். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை. நாற்காலியைச் சத்தமாக இழுத்துச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஏறி, கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று, தானாகவே இன்னொரு தடவை பார்த்தாள்.